நீல ரோஜாவுக்கு 19 வருடம்: கொய்மலரில் மரபணு வேலை தடுமாறிய இடம்

2009 நவம்பர் 3 அன்று ஜப்பானில் சன்டோரி நிறுவனம் 'அப்ளாஸ்' என்ற ரோஜாவை விற்பனைக்கு விட்டது. ஒரு தண்டு 2,000 முதல் 3,000 யென் வரை, அதாவது சாதாரண ரோஜாவின் விலையைப் போலப் பத்து மடங்குக்குப் பக்கம். உலகின் முதல் நீல ரோஜா என்று எல்லா நாட்டுப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. படத்தைப் பார்த்த பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதில் நீலம் எங்கே இருக்கிறது? இளம் ஊதா என்று சொல்லலாம், லாவெண்டர் என்று சொல்லலாம். நீலம் என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் பட்டது வேறொரு கேள்வி. இந்தத் திட்டம் தொடங்கியது 1990-ல். மெல்பர்னில் இருந்த கால்ஜீன் பசிபிக் என்ற சிறிய நிறுவனமும் சன்டோரியும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்தார்கள் (இந்த நிறுவனம்தான் பிறகு ஃப்ளோரிஜீன் என்று பெயர் மாறியது, 2003-ல் சன்டோரியின் கைக்கே வந்துவிட்டது). மறு வருடமே, 1991-ல், பெட்டூனியாவிலிருந்து 'நீல மரபணு' கையில் கிடைத்துவிட்டது. 1993-ல் நேச்சர் இதழில் கட்டுரையும் வந்தாயிற்று. மரபணு கையில் இருக்கிறது, பணம் இருக்கிறது, பின்னால் விஸ்கி விற்றுச் சம்பாதித்த ஒரு பெரிய கம்பெனி நிற்கிறது. அப்புறம் ஏன் கடைக்கு வர இன்னும் 18 வருடம்?

இந்தக் கதையைச் சொல்பவர்கள் நீல மரபணுவைத் தேடிப் பிடித்த சாகசத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதிக் கதைகூட இல்லை. வேலை உண்மையில் சிக்கிய இடங்கள் மூன்று: டி.எஃப்.ஆர். என்று ஒரு நொதி, இதழ்ச் சாற்றின் புளிப்பு, எந்த ரகத்தை எடுத்து வேலை செய்வது என்ற தேர்வு. இவற்றில் மூன்றாவது, மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து தோட்டக்காரர்கள் செய்துவந்த வேலை.

ரோஜாவிடம் இல்லாத நொதி

சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று பூக்களில் நாம் பார்க்கும் நிறங்களில் பெரும்பகுதி ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பத்தின் வேலை. இந்தக் குடும்பத்தில் முக்கியமானவை மூன்று. பெலர்கோனிடின் செங்கல் சிவப்பையும் ஆரஞ்சையும் தரும். சயனிடின் ரோஜாச் சிவப்பு. டெல்ஃபினிடின் ஊதாவும் நீலமும். மூன்றுக்கும் மூலக்கூறு அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. ஒரு வளையத்தில் எத்தனை ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதி) தொங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்: முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. ஒன்று கூடக் கூட நிறம் நீலத்தின் பக்கம் நகர்கிறது.

அந்த மூன்றாவது ஹைட்ராக்சிலைச் சேர்க்க ஒரு நொதி வேண்டும். அதன் முழுப்பெயர் ஃப்ளேவனாய்டு 3',5'-ஹைட்ராக்சிலேஸ். படிக்கும்போதே மூச்சு வாங்குவதால் இனி நீல நொதி என்றே எழுதுகிறேன். பெட்டூனியாவில் இது இருக்கிறது, பான்சியில் இருக்கிறது, நம் சங்குப்பூவில் இருக்கிறது. ரோஜாவில் இல்லை. கார்னேஷனில் இல்லை. சாமந்தியிலும் இல்லை. உலகக் கொய்மலர் (தண்டோடு வெட்டி விற்கும் பூ) சந்தையைத் தாங்கிப் பிடிக்கும் மூன்று பூக்களிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு பணத்தை இந்த நிறத்தில் கொட்டியதற்குக் காரணமும் அதுதான்.

ரோஜாவில் இல்லாத ஒன்றை ரோஜாவோடு ரோஜாவை இனக்கலப்பு செய்து கொண்டுவர முடியாது. நூறு வருடம் செய்தாலும் வராது. 1957-ல் வந்த 'ஸ்டெர்லிங் சில்வர்', 1964-ல் வந்த 'ப்ளூ மூன்' இரண்டும் பெயருக்கும் விளம்பரத்துக்கும் நீலம். உள்ளே இருப்பது சிவப்பு ரோஜாவில் உள்ள அதே சயனிடின்தான், சூழ்நிலை மாறியதால் சற்று வெளிறிய ஊதாவாகத் தெரிகிறது. அந்த இனப்பெருக்காளர்களைக் குறை சொல்ல முடியாது, கையில் இருந்ததை வைத்து அவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்.

பூங்கொத்துக் கடையில் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ரோஜா வாங்கியிருந்தால், அது வெள்ளை ரோஜாவின் தண்டைச் சாயத் தண்ணீரில் நிறுத்தி வைத்தது, அல்லது மேலே ஸ்ப்ரே அடித்தது. தண்டை வெட்டிப் பார்த்தாலோ இதழ் நரம்பை உற்றுப் பார்த்தாலோ சாயம் ஏறிய தடம் தெரிந்துவிடும்.

மதகு யார் கையில்

இப்போது டி.எஃப்.ஆர். இதன் விரிவு டிஹைட்ரோஃப்ளேவனால் ரிடக்டேஸ். நிறமி தயாராகும் பாதையில் இது ஒரு மதகு. மேலே மூன்று வகை மூலப்பொருள் வந்து நிற்கிறது: ஒரு ஹைட்ராக்சில் உள்ளது, இரண்டு உள்ளது, மூன்று உள்ளது. மதகைத் தாண்டினால்தான் நிறமியாக முடியும். ஆனால் எல்லாச் செடியின் மதகும் எல்லாவற்றையும் விடாது.

பெட்டூனியாவின் டி.எஃப்.ஆர். ஒரு ஹைட்ராக்சில் உள்ள சரக்கைக் கிட்டத்தட்டத் தொடவே தொடாது. அதனால்தான் இயற்கையில் ஆரஞ்சு நிறப் பெட்டூனியா கிடையாது (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பெரிய கூத்துக்கு இது காரணமாகிறது). ரோஜாவின் டி.எஃப்.ஆர். அப்படி ஒதுக்குவதில்லை. வந்ததை எல்லாம் விட்டுவிடும். நீல நொதியை ரோஜாவுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்: அந்த நொதி மூலப்பொருளைப் பிடித்து மூன்றாவது ஹைட்ராக்சிலைச் சேர்ப்பதற்குள், ரோஜாவின் சொந்த டி.எஃப்.ஆர். அதே மூலப்பொருளை இழுத்துக்கொண்டுபோய் சிவப்பாக்கி முடித்திருக்கும். நீல மரபணு உள்ளே இருக்கிறது, பூ சிவப்பாகவே பூக்கிறது.

நீல நொதி பற்றி ஆயிரம் கட்டுரை வந்திருக்கிறது. இந்த மதகைப் பற்றிப் பொதுவாசகருக்கு யாரும் எழுதுவதில்லை. மொத்த வரலாற்றையும் புரிந்துகொள்ள இதுதான் சாவி என்பது என் கருத்து.

கார்னேஷன் ஏன் முந்திக்கொண்டது

ஃப்ளோரிஜீன் ஆட்கள் ரோஜாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் கார்னேஷனையும் வைத்திருந்தார்கள். அங்கே அவர்கள் செய்த தேர்வு அபாரம். 'வைட் யுனெஸ்கோ' என்ற வெள்ளைக் கார்னேஷனை எடுத்தார்கள். அந்தச் செடி ஏன் வெள்ளை என்றால் அதில் டி.எஃப்.ஆர். வேலை செய்யவில்லை. மதகே இல்லை. மூலப்பொருள் தயாராகிறது, தாண்டிப்போக வழியில்லாமல் நிற்கிறது, பூ வெள்ளையாகப் பூக்கிறது.

அந்தச் செடிக்குள் பெட்டூனியாவின் நீல நொதி மரபணுவையும் கூடவே பெட்டூனியாவின் டி.எஃப்.ஆர். மரபணுவையும் வைத்தார்கள். அடுத்து நடப்பதைப் பாருங்கள். சொந்த மதகு இல்லாததால் போட்டிக்கு ஆள் இல்லை. வெளியிலிருந்து வந்த மதகோ, ஒரு ஹைட்ராக்சில் சரக்கைத் தொடாத பிடிவாதக்கார மதகு. நீல நொதி நிதானமாக வேலையை முடித்துக் கொடுக்கும் சரக்குதான் கீழே இறங்க முடியும். விளைவு, டெல்ஃபினிடினே நிறைந்த பூ. இரண்டே மரபணு, சரியான தாய்ச்செடி, முடிந்தது வேலை.

'மூன்டஸ்ட்' என்ற பெயரில் அது 1996-ல் ஆஸ்திரேலியாவிலும் 1997-ல் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. மரபணு மாற்றிய பூ என்று உலகில் கடைக்கு வந்த முதல் பூ அதுதான், ரோஜாவுக்கு 13 வருடம் முன்பே. பிறகு 'மூன்ஷேடோ', 'மூன்விஸ்டா', 'மூன்லைட்', 'மூன்அக்வா' என்று வெளிர் ஊதாவிலிருந்து அடர் கருநீல ஊதாவரை ஒரு வரிசையே வந்தது. நாற்று எடுப்பது, வேர் பிடிக்க வைப்பது, பூ வெட்டுவது எல்லாம் கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும். நிலநடுக்கோட்டை ஒட்டிய மலைப்பகுதி, வருடம் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம், குளிர்ந்த இரவு. கார்னேஷனுக்கு வேறென்ன வேண்டும். நம் ஊரில் கார்னேஷன் பாலிஹவுஸ்கள் கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஏறியதற்கும் குளிர்தான் காரணம். வெட்டிய பூ விமானம் ஏறி ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் பிந்தைய ரகங்களுக்குக் கொடுத்தது வெட்டிய பூவை இறக்குமதி செய்து விற்கும் அனுமதி மட்டும், அங்கே வளர்க்க அல்ல.

அதே நிறுவனம் கார்னேஷனில் இன்னொரு காரியமும் செய்து பார்த்தது. பூ வாடுவதற்குக் காரணமான எத்திலீன் உற்பத்தியைக் குறைத்து, ஜாடியில் அதிக நாள் நிற்கும் கார்னேஷன். அனுமதிகூட வாங்கினார்கள். ஆனால் சந்தையில் அது எடுபடவில்லை. வெட்டிய கார்னேஷனைச் சில்வர் தயோசல்ஃபேட் கரைசலில் சிறிது நேரம் நிறுத்தினாலே எத்திலீன் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடுகிறது, அந்தப் பழக்கம் உலகம் முழுக்க ஏற்கெனவே இருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் நடக்கிற வேலைக்கு யாரும் மரபணுக் கட்டணம் கொடுக்க மாட்டார்கள். நிறம் அப்படியல்ல, வாளியில் கிடைக்காது (சாயத்தைக் கழித்துவிட்டால்).

ரோஜாவில் நடந்தது

ரோஜாவுக்கு முதல் தடையே மரபணுவை உள்ளே கொண்டுபோவதில் இருந்தது. மண்ணில் இருக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற கிருமி இயல்பாகவே தன் டி.என்.ஏ. துண்டைச் செடியின் செல்லுக்குள் நுழைக்கும். அந்தத் துண்டுக்குப் பதில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்பலாம். ஆனால் உள்ளே போனது ஒரு செல்லில். அந்த ஒரு செல்லிலிருந்து முழுச் செடி வர வேண்டும். ரோஜாவின் திசுவைக் காலஸ் என்ற உருவமற்ற கொத்தாக வளர்த்து, மரபணு ஏறாத செல்களை ஆன்டிபயாட்டிக் கலந்த ஊடகத்தில் சாகவிட்டு, தப்பித்ததிலிருந்து கருவைப் போன்ற முளை வரவழைத்து, தளிர் எடுத்து, வேர் விடவைத்து, தொட்டிக்கு மாற்றி, மொட்டு வந்து விரியும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று ஒத்துழைக்கும், பக்கத்து ரகம் காலஸாகவே உட்கார்ந்திருக்கும். ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தெரிய ஒரு வருடம் போய்விடும் என்றால் 19 வருடம் எங்கே போயிற்று என்பதில் பாதி இங்கேயே புரிந்துவிடும்.

அப்படிப் பாடுபட்டுப் பெட்டூனியாவின் நீல மரபணுவை ரோஜாவில் ஏற்றினார்கள். பூ வந்தது. சிவப்பாக. டெல்ஃபினிடின் இல்லை. கார்னேஷனில் அழகாக வேலை செய்த அதே மரபணு ரோஜாவில் வாய் திறக்கவில்லை. பிறகு வேறு வேறு செடிகளிலிருந்து அதே நொதியின் மரபணுவை எடுத்து முயன்றார்கள். பான்சியிலிருந்து எடுத்தது ரோஜாவில் வேலை செய்தது. டெல்ஃபினிடின் உருவானது. ஆனால் கூடவே சிவப்பு நிறமியும் இருந்ததால், வந்த பூ நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒரு கருஞ்சிவப்பு.

2007-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் இதை எப்படித் தாண்டினார்கள் என்று விவரமாக இருக்கிறது. இரண்டு வழியில் போனார்கள்.

முதல் வழி, ரகத்தைத் தேடுவது. நூற்றுக்கும் மேற்பட்ட ரோஜா ரகங்களின் இதழைப் பிழிந்து சாற்றின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) எவ்வளவு, எந்தெந்த ஃப்ளேவனாய்டு (ஆந்தோசயனினும் சேர்ந்த பெரிய வேதிப்பொருள் குடும்பம்) எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார்கள். புளிப்பு குறைந்த சாறு, நிறமிக்குத் துணைநிற்கும் ஃப்ளேவனால் நிறைய, டெல்ஃபினிடினோடு போட்டி போடும் சிவப்புப் பாதை மந்தம். இப்படிப்பட்ட ரகங்களைப் பொறுக்கி எடுத்து அவற்றில் பான்சி மரபணுவை வைத்தபோது, சிலவற்றில் நிறமியில் 95 சதவீதம் வரை டெல்ஃபினிடினாக வந்தது. அதே மரபணுதான், மாறியது தாய்ச்செடி மட்டும்.

இரண்டாவது வழி, மதகை மாற்றுவது. ரோஜாவின் சொந்த டி.எஃப்.ஆர். மரபணுவை அமுக்கி வைத்துவிட்டு, மூன்று ஹைட்ராக்சில் சரக்கை விரும்பும் ஐரிஸ் பூவின் டி.எஃப்.ஆரை உள்ளே வைத்தார்கள். இதில் டெல்ஃபினிடின் மட்டுமே வந்தது, விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் அந்தக் குணம் போனது. பத்து வருடம் முன்பு கார்னேஷனில் ஒரு வெள்ளை ரகத்தைத் தேர்ந்தெடுத்ததால் சும்மா கிடைத்த வசதியை, ரோஜாவில் மூன்று படியாகக் கட்டிக்கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த 'அமுக்கி வைப்பது' எப்படி வந்தது என்பதற்கு ஒரு கிளைக்கதை உண்டு, அதுவும் பூவிலிருந்தே. 1990-ல் அமெரிக்காவில் நபோலி, ஜோர்கன்சன் குழு பெட்டூனியாவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க, நிறமிப் பாதையின் முதல் மரபணுவைக் கூடுதலாக ஒரு பிரதி வைத்தார்கள். ஊதா கூடுவதற்குப் பதில் வெள்ளையும் வரிவரியாகவும் பூத்தது. புது மரபணுவும் அடங்கி, பழையதையும் அடக்கிவிட்டது. நெதர்லாந்திலும் ஒரு குழு அதே வருடம் அதையே பார்த்தது. ஏன் என்று சில வருடம் யாருக்கும் தெளிவாகப் புரியவில்லை. 1998-ல் ஃபயரும் மெலோவும் புழுவில் செய்த ஆய்வு வந்தபிறகுதான் இரட்டை இழை ஆர்.என்.ஏ. செய்யும் வேலை இது என்று பிடிபட்டது, 2006-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. ரோஜாவின் டி.எஃப்.ஆரை அமுக்கப் பயன்பட்டது இதே உத்தி.

இவ்வளவு செய்தும் கடைக்கு வந்தது எது? மதகை மாற்றிய ரோஜா அல்ல. முதல் வழியில் வந்ததுதான் அப்ளாஸ்: தேர்ந்தெடுத்த ரகம், பான்சியின் நீல மரபணு, கூடவே டோரீனியா என்ற பூச்செடியிலிருந்து ஒரு துணை மரபணு. இன்னொரு விவரம் இதன் பாதுகாப்பு மதிப்பீட்டில் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ரோஜாவில் புது மரபணு செடியின் மேல்தோல் அடுக்கில் மட்டும்தான் இருக்கிறது. மகரந்தமும் சூலும் உருவாவது அதற்கு அடுத்த அடுக்கிலிருந்து. அதனால் இதன் மகரந்தம் காட்டு ரோஜாவில் போய் விழுந்தாலும் புது மரபணு போகாது. இதழின் நிறம் இருப்பதோ மேல்தோலில், ஆகவே அந்த ஒரு அடுக்கே விற்பனைக்குப் போதும். ஜப்பானில் காட்டு ரோஜா இனங்கள் இருப்பதால் இந்தக் கேள்வி அங்கே வெறும் சம்பிரதாயம் அல்ல.

டெல்ஃபினிடின் இருந்தும் ஏன் நீலம் இல்லை

சங்குப்பூ டீ போட்டிருப்பீர்கள். வெந்நீரில் பூவைப் போட்டால் நல்ல நீலம். நான்கு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாகிறது, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. நிறமி மாறவில்லை, அளவு மாறவில்லை, புளிப்பு மாறியது. ரோஜாவின் இதழ்ச் செல்லுக்குள் நிறமி மிதக்கும் சாறு இயல்பிலேயே புளிப்பு. எவ்வளவு டெல்ஃபினிடினை அங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் அது எலுமிச்சை பிழிந்த பக்கமே நிற்கும்.

வானநீலத்தில் பூக்கும் ஒரு மார்னிங் குளோரி வகை இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. மொட்டில் செஞ்சாயல் ஊதா, விரிந்தால் நீலம். அந்த மாற்றத்தில் செல்சாற்றின் பிஹெச் 6.6-லிருந்து 7.7-க்கு ஏறுகிறது என்று 1995-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். செடிகளின் உலகில் 7.7 என்பது அசாத்தியமான எண்.

புளிப்பு மட்டும் அல்ல. ஐரோப்பாவின் கார்ன்ஃப்ளவரில் இருப்பது சிவப்பு ரோஜாவில் உள்ள அதே சயனிடின், ஆனால் பூ அடர் நீலம். அங்கே இரும்பு, மக்னீசியம், கால்சியம் அணுக்களோடும் ஃப்ளேவன் என்ற ஒரு துணைப்பொருளோடும் சேர்ந்து பெரிய கட்டமைப்பாக நிற்பதால் நீலம். ஹைட்ராஞ்சியா அமில மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகிறது, ஊட்டித் தோட்டங்களில் கொத்துக் கொத்தாகப் பார்த்திருப்பீர்கள். ஆக, டெல்ஃபினிடின் இல்லாமலும் நீலம் வரும், டெல்ஃபினிடின் இருந்தும் நீலம் வராமல் போகும். 'நீல மரபணு' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு பத்திரிகைகளும் முதலீட்டாளர்களும் 1991-ல் போட்ட கணக்கு தப்பானது இங்கேதான்.

ஆரஞ்சுப் பெட்டூனியாக் கூத்து

முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காக. பெட்டூனியாவின் மதகு ஒரு ஹைட்ராக்சில் சரக்கை விடாது, அதனால் ஆரஞ்சு வராது. 1987-ல் ஜெர்மனியில் கொலோன் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் மேயர் குழு மக்காச்சோளத்தின் டி.எஃப்.ஆர். மரபணுவைப் பெட்டூனியாவில் வைத்தது. மக்காச்சோளத்தின் மதகு தாராளமானது. செங்கல் நிறப் பூ வந்தது. 1990-ல் அந்தச் செடிகளை ஆயிரக்கணக்கில் திறந்த வயலில் நட்டார்கள். வெயில் ஏறியதும் எதிர்பாராத எண்ணிக்கையில் பூக்கள் வெளிறின. புகுத்திய மரபணுவின் மேல் செடி மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதிகளை ஒட்டி அதை அணைத்துவிட்டிருந்தது. ஆய்வகத்தில் நிலையாக இருந்த நிறம் வயலில் நிற்கவில்லை என்பது, நிறத்தை விற்கும் தொழிலுக்கு நல்ல எச்சரிக்கை.

பிறகு ஒரு டச்சு நிறுவனம் அந்த வகையிலிருந்து நிலையான ஆரஞ்சு ரகங்களை உருவாக்கியதாக 1995-ல் கட்டுரை வந்தது. அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, 2015-ல், ஹெல்சின்கி ரயில் நிலையம் பக்கம் தொட்டியில் பூத்திருந்த ஆரஞ்சுப் பெட்டூனியாவைத் தாவர உயிரியலாளர் தீமு தீரி பார்த்தார். பெட்டூனியாவில் ஆரஞ்சு கிடையாதே என்று தோன்றியது அவருக்கு, ஏனென்றால் மதகு விவகாரம் அவருக்குத் தெரியும். தண்டு எடுத்துப்போய்ச் சோதித்தார். உள்ளே மக்காச்சோள மரபணு.

2017 ஏப்ரலில் பின்லாந்து அறிவித்தது, மே மாதம் அமெரிக்க வேளாண் துறை. விசாரிக்க விசாரிக்கப் பட்டியல் நீண்டது. 2014-ல் அமெரிக்காவில் பரிசு வாங்கிய 'ஆப்பிரிக்கன் சன்செட்' அதில் ஒன்று. மனிதருக்கோ சூழலுக்கோ ஆபத்து இல்லை என்று அதிகாரிகளே சொன்னார்கள், ஆனால் அனுமதி இல்லாத மரபணு மாற்றுச் செடி என்பதால் நாற்றங்கால்களில் கட்டுக்கட்டாக அழிக்க வேண்டியதாயிற்று. வளர்த்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் விற்பது என்னவென்றே தெரியாது. இனப்பெருக்கத்துக்கு வாங்கிய செடி கைமாறிக் கைமாறி வரும்போது அதன் வம்சாவளிக் காகிதம் கூட வரவில்லை, அவ்வளவுதான். ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது அந்நியமான விஷயம் அல்ல. வெளிநாட்டு ரகம் வைத்தால் செடிக்கு இவ்வளவு என்று ராயல்டி கட்டும் தொழிலில் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் வணிகச் சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான் என்பதால், நீலக் கார்னேஷனோ அப்ளாஸோ இங்கே பாலிஹவுஸுக்குள் வருவது இப்போதைக்கு இல்லை.

சாமந்தி காட்டிய வழி

2017-ல் இன்னொன்றும் நடந்தது. ஜப்பானின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனத்தில் நோதா நவோனோபு குழு, சன்டோரியோடு சேர்ந்து, நீலச் சாமந்தியை வெளியிட்டது. இந்த முறை யாரும் 'எங்கே நீலம்' என்று கேட்கவில்லை. நிற அட்டையை வைத்துப் பார்த்தாலும் நீலப் பிரிவில் விழும் நீலம்.

முதல் மரபணு, நீல நொதி, கேன்டர்பரி பெல்ஸ் என்ற கேம்பனுலா பூவிலிருந்து. அதை மட்டும் வைத்தபோது ஊதாதான் வந்தது, அது 2013 வரையிலான நிலை. இரண்டாவது மரபணு எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? நம் வேலியோரச் சங்குப்பூவிலிருந்து. அந்த மரபணு உருவாக்கும் நொதி, டெல்ஃபினிடினின் வளையத்தில் இரண்டு இடத்தில் சர்க்கரை மூலக்கூறை ஒட்டவைக்கிறது. சங்குப்பூ தன் நீலத்தைக் கட்டும் வழியில் அது ஒரு படி. அடுத்து இன்னும் ஒரு படி வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினார்கள். தேவைப்படவில்லை. சர்க்கரை ஒட்டிய அந்த நிறமி, சாமந்தியில் ஏற்கெனவே இருந்த நிறமற்ற ஒரு ஃப்ளேவனோடு இணைந்து நின்றதும் நீலமாகிவிட்டது. பிஹெச்சைத் தொடவில்லை, உலோகம் சேர்க்கவில்லை.

இங்கேயும் பாதி வேலையைச் செய்தது தாய்ச்செடி. சாமந்தியிடம் அந்த ஃப்ளேவன் இருந்தது, நீலம் வந்தது. ரோஜா இதழில் துணைக்கு நிற்பது பெரும்பாலும் ஃப்ளேவனால் என்ற வேறு வகை, சாறும் அதிகப் புளிப்பு. அதனால் சங்குப்பூ மரபணுவை அப்படியே தூக்கி ரோஜாவில் வைத்தால் சாமந்திபோல் ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. ரோஜாவுக்குத் துணை நிறமியையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும், அல்லது புளிப்பு இன்னும் குறைந்த ரகத்தைத் தேடி மறுபடி இதழ் பிழிய உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் அந்த நீலச் சாமந்தி உடனே கடைக்கு வந்துவிடவில்லை. ஜப்பானில் காட்டுச் சாமந்தி இனங்கள் பல, தோட்டச் சாமந்தியோடு சுலபமாகக் கலப்பவை. பூச்சி மகரந்தத்தைக் கொண்டுபோனால் நீல மரபணு மலைச்சரிவுக்குப் போய்விடும். ரோஜாவில் மேல்தோல் அடுக்கு தற்செயலாகக் கொடுத்த பாதுகாப்பு இதில் இல்லை. கார்னேஷனைப் போல, மகரந்தம் குறைவு, அடுக்கிதழ் நெருக்கம், விதை கட்டுவதற்குள் வெட்டிவிடுகிறோம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எனவே நிறம் கிடைத்தபின் அந்தக் குழு எடுத்துக்கொண்ட அடுத்த வேலை, மகரந்தமும் சூலும் இரண்டுமே மலடான நீலச் சாமந்தி.